இல்லாத பணத்துக்குக் கட்டணமா? காசோலை, தவணை திரும்பலும் கணக்கில் பிடித்தங்களும் குறித்த எங்கள் நிலைப்பாடு

ஓசூர், கிருஷ்ணகிரி வட்டார நுகர்வோர் அமைப்பின் பொது அறிக்கை

நிலைப்பாட்டின் சுருக்கம்

காசோலையோ மாதத் தவணையோ கணக்கில் பணம் போதாமல் திரும்பினால், அதனால் வங்கிக்கு ஏற்பட்ட செலவை வங்கி வாங்கிக்கொள்ளலாம். அதற்கு மேல் ஒரு ரூபாயும் வாங்கக் கூடாது. ஒரு தவணை தவறினால் தண்டம் ஒரு முறைதான். சம்பள நாளுக்கு முன்பே தவணை பிடிக்கும் வழக்கம் மாற வேண்டும். கணக்கிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு தொகைக்கும் முன்னறிவிப்பும், கணக்கு வைத்திருப்பவர் படிக்கக்கூடிய மொழியில் காரணமும் தரப்பட வேண்டும். தவறுதலாகப் பிடித்ததை, கேட்காமலே திருப்பித் தர வேண்டும்.

கடன் தள்ளுபடியை நாங்கள் கேட்கவில்லை. வாங்கிய கடனைக் கட்ட வேண்டும் என்பதில் எங்களுக்கு இரண்டாம் கருத்து இல்லை.

ஐந்தாம் தேதிக்கும் ஏழாம் தேதிக்கும் நடுவே

1970களில் ஓசூரில் சிப்காட் வளாகம் வந்தது. அடுத்த பத்தாண்டில் அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் போன்ற பெரிய ஆலைகளும் வந்தன. இன்று பர்கூர், போச்சம்பள்ளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் வரை வேலை பரவியிருக்கிறது. நிரந்தரத் தொழிலாளியைவிடக் கான்ட்ராக்ட் ஆளாகவும் பயிற்சியாளராகவும் இருப்பவர்களின் கைதான் மாதக் கடைசியில் முதலில் வறளுகிறது. பைக் டியூ, செல்போன் டியூ, நகைக்கடன் வட்டி, மகளிர் குழுத் தவணை என்று ஒரே சம்பளத்துக்குப் பல கைகள் நீளுகின்றன.

சம்பளம் எந்தத் தேதியில் வரும்? 1936ஆம் ஆண்டின் சம்பளப் பட்டுவாடாச் சட்டம், ஆயிரத்துக்குக் குறைவானோர் வேலைசெய்யும் இடங்களில் 7ஆம் தேதிக்குள்ளும் மற்ற இடங்களில் 10ஆம் தேதிக்குள்ளும் சம்பளம் தர வேண்டும் என்றது. அதன் இடத்துக்கு வந்த 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத்தொகுப்பும் மாதச் சம்பளத்துக்கு அடுத்த மாதத்தின் ஏழாம் நாளைத்தான் எல்லையாக வைக்கிறது. அதாவது ஆலை 7ஆம் தேதி சம்பளம் போட்டால் அது சட்டப்படி சரி. தவணை 5ஆம் தேதி என்றால், ஒப்பந்தப்படி அதுவும் சரி. இரண்டு சரிகளுக்கு நடுவே மாட்டிக்கொள்பவர் தண்டம் கட்டுகிறார்.

மக்கள் இன்னும் 'ஈசிஎஸ்' என்றே சொல்லும் தானியங்கிப் பிடித்தம் இப்போது 'நாச்' என்ற முறையில் நடக்கிறது. 2021 ஆகஸ்ட் 1 முதல் அது ஞாயிற்றுக்கிழமையும் பண்டிகை நாளும் பாராமல் இயங்குகிறது. சம்பளம் போடும் கணக்குப் பிரிவுக்கு விடுமுறை உண்டு. தவணை பிடிக்கும் கணினிக்கு இல்லை.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். கட்டணங்கள் வங்கிக்கு வங்கி மாறும். கணக்குப் புரிவதற்காக முழு எண்களை வைத்துக்கொள்கிறோம். தவணை 3,000 ரூபாய். 5ஆம் தேதி காலையில் கணக்கில் 2,600 ரூபாய் இருக்கிறது. குறைவு 400. தவணை திரும்புகிறது. திரும்பல் கட்டணம் 500, அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 90 என்று வங்கி 590 ரூபாயை உடனே பிடித்துக்கொள்கிறது. மிச்சம் 2,010. இப்போது குறைவு 400 அல்ல, 990.

அந்தத் தொழிலாளி பக்கத்து வீட்டில் 400 ரூபாய் கைமாற்று வாங்கிப் போட்டாலும் அடுத்த முறை தவணை நிறைவேறாது. முதல் தண்டமே இரண்டாம் திரும்பலுக்கு வழிசெய்துவிட்டது. கைமாற்றும் கிடைக்காமல் இரண்டாம் முறையும் தவணை திரும்பினால் வங்கிக்கு இன்னொரு 590. கடன் கொடுத்த நிறுவனம் தன் பங்குக்கு 'பவுன்ஸ் சார்ஜ்' 590 என்று எழுதிக்கொள்கிறது. 400 ரூபாய் இரண்டு நாள் தாமதமானதற்கு விலை 1,770 ரூபாய். தவணையோ இன்னும் கட்டப்படவே இல்லை. 7ஆம் தேதி வரும் சம்பளம் இந்த ஓட்டையை அடைக்கப் போகிறது. அடுத்த மாதம் 5ஆம் தேதி மறுபடி குறைகிறது.

வட்டிக்கு விடுபவர் இப்படி ஒரு கணக்கைச் சொன்னால் கந்துவட்டி என்போம். கட்டணப் பட்டியலில் அச்சடித்து வந்தால் சேவைக் கட்டணம் என்கிறோம்.

எல்லை தாண்டினால் விதி மாறும் கணக்கு

ஜூஜூவாடியைத் தாண்டினால் கர்நாடகத்தின் அத்திப்பள்ளி. காலையில் அந்தப் பக்கம் வேலைக்குப் போய் இரவு ஓசூருக்குத் திரும்புபவர்களும், அங்கே வேலையை விட்டு இங்கே வந்து சேர்ந்தவர்களும் ஏராளம். இந்த வட்டாரத்துக்கே உரிய சிக்கல்கள் நான்கு.

முதலாவது, பெரும்பாலான வங்கிகளில் குறைந்தபட்ச இருப்பு என்பது ஆள் எங்கே வாழ்கிறார் என்பதைப் பொறுத்ததல்ல, கணக்கு எந்தக் கிளையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. பெங்களூருவில் வேலை பார்த்தபோது தொடங்கிய கணக்கு பெருநகரக் கணக்கு. அவர் கிருஷ்ணகிரிக்கே வந்து குடியேறினாலும் கிளையை மாற்றாதவரை பெருநகர இருப்பையே கேட்கும். இந்த வித்தியாசம் சிறியதல்ல. 2025 ஆகஸ்டில் ஐசிஐசிஐ வங்கி புதிய கணக்குகளுக்குப் பெருநகர, நகர்ப்புறக் கிளைகளில் 50,000 ரூபாய் மாதச் சராசரி இருப்பு வேண்டும் என்றது. எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களில் அதை 15,000 ஆக்கியது. அப்போதும் ஊரகக் கிளைக்கு 2,500தான்.

இரண்டாவது, சம்பளக் கணக்கு. கான்ட்ராக்டர் மாறினால் வங்கியும் மாறுகிறது. பழைய கணக்கில் சில மாதம் சம்பளம் வராவிட்டால் அது சாதாரணச் சேமிப்புக் கணக்காகிவிடுகிறது. குறைந்தபட்ச இருப்பு விதி தானாக ஒட்டிக்கொள்கிறது. அந்தக் கணக்கை அவர் மறந்திருப்பார். வங்கி மறக்காது.

மூன்றாவது, ஏடிஎம். பிற வங்கி ஏடிஎம்மில் மாதம் 3 முறை இலவசம் என்பது பெங்களூரு உள்ளிட்ட 6 பெருநகரங்களுக்கான எண்ணிக்கை. ஓசூர் போன்ற மற்ற ஊர்களில் 5 முறை. அதைத் தாண்டினால், 2025 மே 1 முதல் ஒரு முறைக்கு 23 ரூபாய் வரை பிடிக்கலாம். இரண்டு ஊரிலும் அட்டையைச் சொருகுபவருக்கு எந்தக் கணக்கு ஓடுகிறது என்று தெரிவதே இல்லை.

நான்காவதுதான் மிகவும் கனமானது: வழக்கு. காசோலை திரும்பினால் 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவின்படி குற்ற வழக்குத் தொடரலாம். தானியங்கித் தவணை திரும்பினாலும் 2007ஆம் ஆண்டின் பணம் செலுத்தல், தீர்வு முறைகள் சட்டத்தின் 25ஆம் பிரிவு அதே கதவைத் திறக்கிறது. 2014இல் தஷ்ரத் ரூப்சிங் ராத்தோட் வழக்கில் உச்ச நீதிமன்றம், காசோலை எந்த வங்கியில் மறுக்கப்பட்டதோ அந்த ஊரில்தான் வழக்கு என்றது. 2015இல் வந்த திருத்தம் அதை மாற்றியது. கணக்கில் போடப்பட்ட காசோலைக்கு, பணம் பெற வேண்டியவரின் கணக்கு உள்ள ஊரே வழக்கின் ஊர். கடன் நிறுவனத்தின் கணக்கு பெங்களூருவில் இருந்தால், சூளகிரிக்காரர் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வேறு மாநிலத்தில், வேறு மொழியில் நடக்கும் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும்.

சட்டம் ஏற்கெனவே சொல்லியிருப்பது

நாங்கள் கேட்பவற்றில் பலவும் புதியவை அல்ல. விதிகள் இருக்கின்றன. அவை கிளை மேசையைத் தாண்டி வாடிக்கையாளரின் பாஸ்புக்குக்கு வந்து சேர்வதில்லை.

குறைந்தபட்ச இருப்பு குறைந்தால் முதலில் தெரிவிக்க வேண்டும். ஒரு மாத அவகாசம் தர வேண்டும். அதன் பிறகும் குறைந்திருந்தால், குறைந்த தொகைக்கு ஏற்ற விகிதத்தில்தான் பிடிக்க வேண்டும். அந்தக் கட்டணத்தாலேயே கணக்கு மைனஸுக்குப் போகக் கூடாது. இது 2014 நவம்பர் 20 அன்று ரிசர்வ் வங்கி வகுத்தது. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் செயல்படாத கணக்கில் இந்தத் தண்டமே கூடாது என்றும், அதை மீண்டும் இயக்கக் கட்டணம் கேட்கக் கூடாது என்றும் 2024 ஜனவரி 1 சுற்றறிக்கை கூறுகிறது. 'பழைய கணக்கு மைனஸில் இருக்கிறது, கட்டிவிட்டு வாருங்கள்' என்று சொல்லும் ஊழியருக்கு இவை நினைவூட்டப்பட வேண்டும்.

காசோலை திரும்பல் கட்டணத்தை, திரும்பியதற்கு வாடிக்கையாளரே காரணமாக இருந்தால் மட்டுமே பிடிக்கலாம் என்பதும் ரிசர்வ் வங்கியின் அறிவுறுத்தல். ஆனால் நடப்பில், வேறொருவர் கொடுத்த காசோலையை நம்பிக் கணக்கில் போட்ட சிறு பட்டறைக்காரரிடமும் கட்டணம் பிடிக்கப்படுகிறது. அவருக்குப் பணமும் வரவில்லை, கையில் இருந்ததும் குறைகிறது.

கடன் தவணை தவறினால் விதிக்கும் தண்டம் வட்டியாக இருக்கக் கூடாது, அசலோடு சேர்ந்து வட்டிக்கு வட்டி ஆகக் கூடாது, நியாயமான அளவில் இருக்க வேண்டும் என்று 2023 ஆகஸ்ட் 18 அன்று வங்கிகளுக்கும் நிதி நிறுவனங்களுக்கும் ஆணையிடப்பட்டது.

தண்டத்தின் மேல் வரியைப் பற்றியும் சொல்ல வேண்டும். மத்திய மறைமுக வரிகள், சுங்க வாரியம் 2022 ஆகஸ்ட் 3 அன்று தந்த விளக்கத்தில், காசோலை திரும்பியதற்காக விற்பனையாளரோ வங்கியோ விதிக்கும் தண்டம் எந்தச் சேவைக்கும் ஈடான தொகை அல்ல, அதற்கு ஜிஎஸ்டி இல்லை என்றது. 2025 ஜனவரி 28 சுற்றறிக்கை, கடன் தண்டங்களுக்கும் அதே பதிலைத் தந்தது. அப்படியிருக்க, மேலே நாம் போட்ட கணக்கில் வந்த அந்த 90 ரூபாய் எந்தச் சேவைக்கு? 'சேவைக் கட்டணம்' என்றால் என்ன சேவை செய்தார்கள் என்று சொல்ல வேண்டும். 'தண்டம்' என்றால் வரி வாங்கக் கூடாது.

நமக்குத் தெரியாமல் பணம் போனால் என்ன? வங்கியின் மீதும் நம் மீதும் தவறில்லாமல் மூன்றாமவர் வழியாக நடந்த மின்னணு மோசடியை, வங்கி தகவல் அனுப்பிய 3 வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் நமக்குப் பொறுப்பு ஏதும் இல்லை என்பது ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கை வகுத்த விதி. தெரிவித்த 10 வேலை நாட்களுக்குள் தொகையைக் கணக்கில் வரவு வைக்க வேண்டும். தவறு வாடிக்கையாளருடையது என்றால் நிரூபிக்க வேண்டியது வங்கி. ஏடிஎம்மில் பணம் வராமல் கணக்கில் கழிந்தால், அந்த நாளுக்குப் பின் 5 நாட்களில் திருப்பித் தர வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. இதை 2019 செப்டம்பர் 20 சுற்றறிக்கை சொல்கிறது. கேட்டால்தான் தருவார்கள் என்று இல்லை. கேட்காமலே வரவு வைக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. ஒப்பந்தத்தை மீறியதால் எதிர்த்தரப்புக்கு ஏற்பட்ட இழப்புக்குச் சற்றும் பொருந்தாத தண்டம் விதிக்கும் ஒப்பந்தத்தை 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்று அது வரையறுக்கிறது. இந்த வரையறையின் கீழ் சென்னையிலுள்ள மாநில ஆணையத்தில் முறையிடலாம். பிடித்தம் தவறு, சேவை குறை என்ற புகாரைக் கிருஷ்ணகிரி மாவட்ட ஆணையத்திலேயே கொடுக்கலாம். புகார்தாரர் வாழும் ஊரிலோ வேலைசெய்யும் ஊரிலோ வழக்கிட இச்சட்டம் இடம் தருகிறது. காசோலைச் சட்டம் நம்மை எல்லைக்கு அப்பால் இழுக்கிறது. நுகர்வோர் சட்டமோ வங்கியை நம் ஊருக்கு வரவழைக்கிறது. இந்த இரண்டாவது வழியை நம் மக்கள் போதிய அளவு பயன்படுத்தவில்லை.

வங்கிகளின் வாதமும் எங்கள் பதிலும்

'கட்டணம் இல்லாவிட்டால் எல்லோரும் அலட்சியமாகிவிடுவார்கள்' என்கிறார்கள். வேண்டுமென்றே பணமில்லாத கணக்கின் காசோலையைக் கொடுத்து ஏமாற்றுபவர் உண்டு. அவரால் முதலில் சாய்வது நம் சிறு தொழில்தான். அவருக்கு 138ஆம் பிரிவு இருக்கிறது. இரண்டு ஆண்டு வரை சிறையோ, காசோலைத் தொகையின் இரு மடங்கு வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். அவரை 500 ரூபாய் கட்டணம் திருத்தாது. இரண்டு நாள் தாமதமானவரைத்தான் அது வாட்டுகிறது.

'செலவு இருக்கிறதே' என்கிறார்கள். இருக்கட்டும். கணினி தானாகத் திருப்பி அனுப்பும் ஒரு பதிவுக்கு எவ்வளவு செலவாகிறது என்று வெளியிடட்டும். நாடாளுமன்றத்தில் 2024இல் நிதி அமைச்சகம் தந்த பதிலின்படி, பொதுத்துறை வங்கிகள் 5 ஆண்டுகளில் குறைந்தபட்ச இருப்பு இல்லாத காரணத்துக்காக மட்டும் சுமார் 8,500 கோடி ரூபாய் வசூலித்தன. பாரத ஸ்டேட் வங்கி 2020லேயே அந்தத் தண்டத்தை விட்டுவிட்டது. 2025 ஜூன் முதல் கனரா வங்கியும், அடுத்த மாதம் இந்தியன் வங்கி, பஞ்சாப் நேஷனல் வங்கி, பாங்க் ஆஃப் பரோடா ஆகியவையும் விட்டன. அந்த வங்கிகள் மூழ்கிவிடவில்லை. விட முடியும் என்று அவர்களே காட்டிவிட்டார்கள். குறைந்தபட்ச இருப்பில் செய்ததைத் திரும்பல் கட்டணத்தில் ஏன் செய்யக் கூடாது?

சிறு தொழில்முனைவோரின் பக்கத்தையும் மறக்கக் கூடாது. ஜாப் ஒர்க் எடுக்கும் பட்டறைகளின் காசோலை திரும்புவதற்குப் பல நேரம் காரணம், அவர்களுக்கு வர வேண்டிய பணம் மேலே இருப்பவரிடம் நிற்பதுதான். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டம் 45 நாட்களுக்குள் பணம் தர வேண்டும் என்கிறது. தவறினால் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கில் மாதக் கூட்டு வட்டி. 2025 அக்டோபர் 4 முதல் காசோலைகள் சில மணி நேரத்தில் தீர்வாகின்றன. முன்பு கிடைத்த ஒரு நாள் மூச்சும் இப்போது இல்லை. கொடுப்பவருக்கு வேகம் வந்துவிட்டது. பெறுபவருக்கு 45 நாள்கூட எட்டாக்கனி.

எங்கள் கோரிக்கைகள்

ரிசர்வ் வங்கியிடம்:

1. காசோலை, நாச் திரும்பல் கட்டணத்துக்கு உண்மைச் செலவை ஒட்டிய உச்சவரம்பை நாடு முழுவதும் விதிக்க வேண்டும். குறைவான தொகையைவிடக் கட்டணம் ஒருபோதும் மிகக் கூடாது.

2. ஒரு மாதத் தவணைக்கு எத்தனை முறை முயன்றாலும் ஒரே கட்டணம். வங்கியும் கடன் நிறுவனமும் ஒரே திரும்பலுக்கு இரண்டு தண்டம் வாங்கக் கூடாது.

3. திரும்பல் கட்டணத்தை உடனே கழிக்காமல், அடுத்த சம்பள வரவு வரை நிறுத்திவைக்க வேண்டும். தண்டமே அடுத்த திரும்பலுக்குக் காரணமாகும் நிலை ஒழிய வேண்டும்.

4. அட்டை, யுபிஐ வழித் தானியங்கிப் பிடித்தங்களுக்கு 24 மணி நேர முன்னறிவிப்பு கட்டாயம். அதே விதி நாச்சுக்கும் வர வேண்டும்.

வங்கிகளிடமும் கடன் நிறுவனங்களிடமும்:

5. சம்பளக்காரரின் தவணைத் தேதி 10ஆம் தேதிக்குப் பிறகே இருக்க வேண்டும். ஏற்கெனவே உள்ள கடன்களில், கேட்பவருக்குக் கட்டணமின்றித் தேதியை மாற்றித் தர வேண்டும்.

6. மற்றவர் தந்த காசோலை திரும்பியதற்கு, அதைக் கணக்கில் போட்டவரிடம் கட்டணம் கூடாது. திரும்பல் தண்டங்களின் மேல் பிடித்த ஜிஎஸ்டியைக் கணக்குப் பார்த்துத் திருப்பித் தர வேண்டும்.

7. சம்பளக் கணக்கு சாதாரணக் கணக்காக மாறும் முன் எழுத்தில் தெரிவித்து, குறைந்தபட்ச இருப்பு வேண்டாத அடிப்படைச் சேமிப்புக் கணக்காக மாற்றிக்கொள்ளும் வாய்ப்பைத் தர வேண்டும்.

8. ஒப்பந்தமும் கட்டணப் பட்டியலும் தமிழ், கன்னடம், தெலுங்கு, இந்தி ஆகியவற்றில் வாடிக்கையாளர் கேட்கும் மொழியில் கிடைக்க வேண்டும். தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் தெலுங்கும் கன்னடமும் வீட்டு மொழி. ஆலை விடுதிகளில் வடமாநிலத்தவர் இருக்கிறார்கள். ஆங்கிலத்தில் இட்ட கையெழுத்தைச் சம்மதம் என்று நாங்கள் ஏற்கவில்லை.

9. கையெழுத்திட்ட வெற்றுக் காசோலைகளை அடமானம்போல் வாங்கி வைக்கும் வழக்கத்தை நிறுத்த வேண்டும்.

மாவட்ட நிர்வாகத்திடமும் ஆலைகளிடமும்:

10. மாவட்ட ஆட்சியர் தலைமையில் கூடும் வங்கியாளர் ஆலோசனைக் குழுவில் திரும்பல் கட்டணங்களைத் தனிப் பொருளாக எடுத்து, கிளைவாரியாக வசூலான தொகையை வெளியிட வேண்டும்.

11. கான்ட்ராக்டர்களுக்கும் சேர்த்துச் சம்பளத் தேதியை ஆலைகள் முன்கூட்டி அறிவிக்க வேண்டும். தேதி தவறி, அதனால் தவணை திரும்பினால் அந்தக் கட்டணத்தைத் தவறவிட்டவரே ஏற்க வேண்டும்.

கணக்கு வைத்திருப்போருக்கு

மாதம் ஒரு முறை பாஸ்புக் என்ட்ரி போடுங்கள். புரியாத சுருக்கெழுத்தோடு பணம் கழிந்திருந்தால், என்ன கட்டணம், எந்த விதிப்படி என்று கிளையில் எழுத்தில் கேட்டு, பெற்றதற்குக் கையெழுத்து வாங்குங்கள். 30 நாட்களில் பதில் வராவிட்டாலோ பதில் நிறைவாக இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம். கணக்கு எந்த மாநிலத்தில் இருந்தாலும் புகார் செல்லும். தகவலுக்கு 14448. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

'செக் பவுன்ஸ் கேஸ், உடனே கைது' என்று போனில் மிரட்டினால் பதறாதீர்கள். திரும்பிய தகவல் கிடைத்த 30 நாட்களுக்குள் எழுத்தில் நோட்டீஸ் வர வேண்டும். அது கிடைத்த 15 நாட்களுக்குள் பணத்தைக் கட்டிவிட்டால் 138ஆம் பிரிவில் குற்றமே இல்லை. ஆனால் நோட்டீஸை வாங்காமல் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். அது உங்களுக்கே பாதகம். கடன் முடிந்ததும் நாச் ஆணை ரத்தானதா என்று வங்கியில் உறுதிசெய்யுங்கள். கொடுத்த காசோலைகளைத் திரும்ப வாங்குங்கள்.

தனியாக வழக்காடத் தயங்குபவர்களுக்காகவும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இடம் உண்டு. அங்கீகரிக்கப்பட்ட நுகர்வோர் சங்கம், தன் உறுப்பினர் அல்லாதவருக்காகவும் புகார் கொடுக்கலாம். ஒரே குறை கொண்ட பலர் ஆணையத்தின் அனுமதியோடு சேர்ந்தும் கொடுக்கலாம். ஒருவருக்கு 590 ரூபாய் என்பது வழக்குக்குப் போதாத தொகையாகத் தெரியலாம். ஒரே வரிசை வீடுகளில் இருக்கும் முப்பது பேரின் பாஸ்புக்குகளைச் சேர்த்து வைத்தால் அது வழக்கு. அவற்றை எங்களிடம் கொண்டு வாருங்கள்; கணக்குப் பார்த்து, மனு எழுதித் தருகிறோம்.

இந்த அறிக்கையின் பெரும்பகுதியை ஒரே மாற்றம் தேவையற்றதாக்கிவிடும். சம்பளம் 7ஆம் தேதி வருகிறது என்று சட்டத்துக்குத் தெரியும், ஆலைக்குத் தெரியும், வங்கிக்கும் தெரியும். தவணையை 11ஆம் தேதிக்கு வையுங்கள். அதற்குப் பிறகும் எத்தனை திரும்பல்கள் வருகின்றன என்று எண்ணிப் பார்த்துவிட்டு, நாணயமற்றவர்கள் யார் என்று பேசலாம்.